பல்லைப் பிடுங்கும் முன் தாடையைத் தொட்டுப் பாருங்கள்!

மார்கழி, தை வந்துவிட்டால் ஊட்டிப் புல்வெளிகள் காலையில் உறைபனியில் வெள்ளையாகக் கிடக்கும். பெட்டிக்குள் இருந்த ஸ்வெட்டர், குல்லா, மஃப்ளர் எல்லாம் வெளியே வரும். இந்தக் குளிர் நாட்களில் சிலருக்கு ஒரு வலியும் வந்து ஒட்டிக்கொள்ளும். காதுக்கு முன்னால் தொடங்கி, கன்னத்தில் இறங்கி, கடைவாய்ப் பல் வரை இழுக்கும். டீயில் நனைக்காமல் வர்க்கியைக் கடித்தால் வலி. கொட்டாவி விட்டால் 'டக்' என்று சத்தம். காலையில் எழுந்ததும் வாயைத் திறப்பதே கஷ்டம்.

இப்படி வலித்தால் முதலில் பழி விழுவது பல்லின் மேல்தான். 'அந்தப் பல்லை எடுத்துட்டா சரியாயிடும்' என்று நோயாளியே கேட்பதும் உண்டு. பல்லில் உண்மையிலேயே சொத்தையோ சீழோ இருந்தால் அதற்கான சிகிச்சை தேவைதான். ஆனால், வலி தாடை மூட்டிலோ அதை அசைக்கும் தசையிலோ இருந்தால், நல்ல பல் போய்விடும். வலி மட்டும் அப்படியே இருக்கும்.

காதுக்கு முன்னால் ஒரு கீல்

இரண்டு ஆள்காட்டி விரல்களையும் காதுத் துளைக்குச் சற்று முன்னால் வைத்து, வாயை மெதுவாகத் திறந்து மூடுங்கள். விரலுக்கு அடியில் ஏதோ உருண்டு நகர்வது தெரியும். அதுதான் தாடை மூட்டு. கதவுக் கீல் போல முதலில் சுழலும். வாய் இன்னும் திறக்கும்போது முன்னால் வழுக்கிச் செல்லும். எலும்புகள் உரசாமல் இருக்க நடுவில் மெத்தை போல ஒரு சிறு தட்டு உண்டு. அது இடம் நழுவித் திரும்பும்போதுதான் 'டக்' சத்தம் வருகிறது. வலியில்லாமல் சத்தம் மட்டும் வந்தால் பெரும்பாலும் சிகிச்சையே வேண்டாம்.

மூட்டைவிட அதிகம் வலிப்பது தசைகள். கன்னத்தில் இருக்கும் மெல்லும் தசையும், நெற்றிப் பொட்டில் விசிறி போல விரிந்த தசையும் இறுகினால், அந்த வலி பல்லில் இருப்பது போலவும் தலைவலி போலவும் தோன்றும்.

காது அடைப்பும் தாடையும்

குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்குப் பஸ்ஸில் இறங்கும்போது காது அடைப்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். காற்றழுத்தம் மாறுவதால் வரும் அடைப்பு அது. எச்சில் விழுங்கினாலோ கொட்டாவி விட்டாலோ திறந்துவிடும்.

தாடையால் வரும் காது அடைப்பு அப்படிப் போகாது. மெல்லும்போது கூடும். காதைப் பரிசோதிக்கும் டாக்டர், 'உள்ளே எல்லாம் நன்றாக இருக்கிறது' என்பார். 1934-லேயே அமெரிக்காவைச் சேர்ந்த காது, மூக்கு, தொண்டை மருத்துவர் ஜேம்ஸ் காஸ்டன், காதில் தெரியும் இத்தகைய தொந்தரவுகளைத் தாடை மூட்டோடு இணைத்து எழுதினார். அவர் சொன்ன காரணங்கள் பின்னர் கைவிடப்பட்டன. ஆனால், காது வலி என்று வருபவரின் தாடையையும் பார்க்க வேண்டும் என்ற பாடம் நிலைத்துவிட்டது.

கைதான் முதல் கருவி

இந்த வலியைக் கண்டுபிடிக்க எடுத்தவுடன் கோவைக்குப் போய் ஸ்கேன் எடுக்க வேண்டியதில்லை. முதல் பரிசோதனைக்கு மருத்துவரின் விரல்களும் ஒரு சிறு அளவுகோலும் போதும்.

முதலில் கேள்விகள்: மென்றால், பேசினால், கொட்டாவி விட்டால் வலி கூடுகிறதா? காலையில் அதிகமா, மாலையிலா? தூக்கத்தில் பல் கடிப்பதாக வீட்டில் யாராவது சொன்னார்களா?

அடுத்து அளவு. வாயை முழுதாகத் திறந்தால் மேல், கீழ் முன்பற்களுக்கு இடையே பெரியவர்களுக்குச் சுமார் 40 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கும். வீட்டில் பார்க்க எளிய வழி, உங்கள் மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக முன்பற்களுக்கு நடுவே வைப்பது. நுழைந்தால் நல்லது. இரண்டு விரல்கள்கூட நுழையவில்லை என்றால் டாக்டரைப் பார்க்க வேண்டும். திறக்கும்போது தாடை ஒரு பக்கமாகக் கோணிப் போகிறதா என்றும் பார்ப்பார்கள்.

மூன்றாவது, தொட்டு அழுத்துவது. கன்னத் தசையையும் பொட்டுத் தசையையும் சுமார் ஒரு கிலோ எடைக்குச் சமமாக அழுத்துவார்கள். சமையலறைத் தராசில் ஒரு விரலை அழுத்திப் பார்த்தால் அந்த அளவு புரிந்துவிடும். 'வலிக்கிறதா?' என்பதைவிட, 'நீங்கள் சொல்லும் அதே வலியா இது?' என்பதே முக்கியமான கேள்வி. அழுத்தினால் யாருக்கும் கொஞ்சம் வலிக்கலாம். நாள்தோறும் படுத்தும் அதே வலி விரலுக்கு அடியில் எழுந்தால், அது பெரும்பாலும் தசையின் வலிதான். 2014-ல் வெளியான சர்வதேச வழிமுறையும் இந்தக் கேள்வியைத்தான் அடிப்படையாக வைத்திருக்கிறது.

கூடவே பற்களைத் தட்டிப் பார்த்து, தேவைப்பட்டால் எக்ஸ்ரே எடுத்து, பல்லில் கோளாறு இல்லை என்று உறுதி செய்வார்கள். தாடை பூட்டிக்கொண்டால், அடிபட்டிருந்தால், சிகிச்சைக்குப் பிறகும் குறையாவிட்டால்தான் எம்.ஆர்.ஐ., சி.டி. பற்றி யோசிப்பார்கள். வலியே இல்லாத பலருக்கும் எம்.ஆர்.ஐ.-யில் மூட்டுத் தட்டு நழுவியிருப்பது தெரியும். அதனால் படத்தை மட்டும் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

பல்லைக் கடித்துக்கொண்டு...

கஷ்டத்தைப் பொறுத்துக்கொள்வதை, 'பல்லைக் கடித்துக்கொண்டு காலம் தள்ளுவது' என்கிறோம். தாடை விஷயத்தில் அது வெறும் பேச்சு அல்ல. கவலையிலும் குளிரிலும் நம்மையறியாமல் பற்களை இறுக்குகிறோம். சும்மா இருக்கும்போது மேல், கீழ்ப் பற்கள் தொடவே கூடாது. 'ம்...' என்று சொல்லிப் பாருங்கள். உதடுகள் சேர்ந்திருக்கும், பற்கள் பிரிந்திருக்கும். அதுதான் தாடை ஓய்வெடுக்கும் நிலை.

கழுத்துக்கும் இதில் பங்கு உண்டு. நாள் முழுக்கக் குனிந்து கொழுந்து பறித்து, பாரம் சுமந்து மேட்டில் ஏறும் பெண்களுக்கும், தலையைக் குனிந்து மணிக்கணக்கில் போன் பார்க்கும் பிள்ளைகளுக்கும் கழுத்துத் தசை இறுகிப்போகும். கழுத்து வலியும் தாடை வலியும் பல நேரங்களில் சேர்ந்தே இருக்கும். அதனால் பிசியோதெரபிஸ்ட் கழுத்தையும் சேர்த்தே கவனிப்பார்.

வீட்டில் செய்ய வேண்டியவை

* ஒத்தடம்: வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியை, சூடு தாங்கும் அளவு பார்த்துக் கன்னத்தில் 15 நிமிடம் வையுங்கள். நீலகிரித் தைலம் தடவினால் இதமாக இருக்கும். ஆனால், தைலத்தின் மேல் சூடான ஒத்தடம் வைத்தால் தோல் எரியும். கண்ணில் படக்கூடாது. குழந்தைகளுக்குக் கை எட்டாத இடத்தில் வையுங்கள்.

* நாக்குப் பயிற்சி: 'அன்னம்' என்று சொல்லும்போது நாக்கின் நுனி மேலே ஒட்டும் இடத்திலேயே அதை வைத்துக்கொள்ளுங்கள். நாக்கு விலகாத அளவுக்கு மட்டும் வாயை மெதுவாகத் திறந்து மூடுங்கள். ஒரு வேளைக்கு 6 முறை, நாளைக்கு 6 வேளை. தாடை கோணாமல் நேராக இறங்குகிறதா என்று கண்ணாடியில் பாருங்கள்.

* தசை நீவல்: பற்களைக் கடித்தால் கன்னத்தில் புடைக்கும் தசையைக் கண்டுபிடியுங்கள். பிறகு தாடையைத் தளரவிட்டு, அந்த இடத்தை விரல் நுனிகளால் வட்டமாக ஒரு நிமிடம் நீவுங்கள்.

* கழுத்து: நிமிர்ந்து உட்கார்ந்து, முகவாயை நேராகப் பின்னால் இழுத்து 5 எண்ணும் வரை நிறுத்தி விடுங்கள். 6 முறை போதும்.

* சாப்பாடு: சில வாரங்களுக்குப் பச்சைக் கேரட், முறுக்கு, சூயிங்கம் வேண்டாம். கேரட்டை வேகவைத்தும், வர்க்கியை டீயில் நனைத்தும் சாப்பிடலாம். கொட்டாவி வந்தால் முகவாய்க்கு அடியில் கை வைத்துத் தாங்குங்கள்.

பயிற்சியின்போது இதமாக இழுப்பது போல இருக்கலாம். சுருக்கென்று வலித்தால் நிறுத்திவிட வேண்டும்.

பிசியோதெரபிஸ்ட் என்ன செய்வார்?

கையுறை அணிந்த விரலை வாய்க்குள் வைத்து, இறுகிய தசையை உள்ளிருந்து தளர்த்துவார். தாடையை மெதுவாகக் கீழே இழுத்து மூட்டை அசைத்துக் கொடுப்பார். வீட்டுப் பயிற்சியைச் சரியாகச் செய்கிறீர்களா என்றும் பார்ப்பார். 2023 டிசம்பரில் பி.எம்.ஜே. மருத்துவ இதழில் வந்த சர்வதேச வழிகாட்டி, நாள்பட்ட தாடை வலிக்கு இத்தகைய கைச் சிகிச்சை, தாடைப் பயிற்சி, மனதையும் பழக்கங்களையும் சீராக்கும் ஆலோசனை ஆகியவற்றை உறுதியாகப் பரிந்துரைக்கிறது. கடிக்கும் அமைப்பையே நிரந்தரமாக மாற்றிவிடும் பல் கவசத்தையும், மூட்டுத் தட்டை வெட்டி எடுக்கும் ஆபரேஷனையும் தவிர்க்கச் சொல்கிறது. திரும்பச் சரிசெய்ய முடியாத எதற்கும் அவசரப்படக் கூடாது.

இவற்றுக்குப் பயிற்சி போதாது

* குளிர்காற்று பட்டாலோ முகம் கழுவினாலோ மின்சாரம் பாய்ந்தது போல விநாடிக்கணக்கில் வெட்டும் வலி: இது முக நரம்பு வலியாக இருக்கலாம். இதற்கென்று தனி மாத்திரைகள் உண்டு. நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள்.
* பாக்கு, புகையிலை மெல்லும் பழக்கத்தோடு, காரம் பட்டால் வாய் எரிச்சல், வாய் திறப்பது நாளுக்கு நாள் குறைவது, இரண்டு வாரமாகியும் ஆறாத புண்: புற்றுநோயாக மாறக்கூடிய பாதிப்பாகவோ புற்றுநோயாகவோ இருக்கலாம். உடனே பரிசோதனை தேவை.
* 50 வயதைத் தாண்டியவருக்குப் புதிதாகப் பொட்டில் தலைவலி, மெல்லும்போது தாடை சோர்வு, பார்வை மங்கல்: அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.
* மேடு ஏறும்போது வரும் தாடை வலி, கூடவே வியர்வை, மூச்சுத் திணறல், நெஞ்சில் பாரம்: இதயக் கோளாறாக இருக்கலாம். 108-ஐ அழையுங்கள்.
* கொட்டாவி விட்டு வாய் மூட முடியாமல் நின்றுவிட்டால், வீட்டில் யாரும் தள்ளி மூட முயல வேண்டாம். மருத்துவமனையில் முறைப்படி சரிசெய்வார்கள்.
* காய்ச்சலோடு கன்ன வீக்கம், முகத்தில் மரத்துப்போதல்: தள்ளிப்போடக் கூடாது.

எங்கே போவது?

ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ, குன்னூர் லாலி அரசு மருத்துவமனையோ, எது பக்கமோ அங்கிருந்து தொடங்கலாம். எஸ்டேட் லைன் வீட்டைவிட்டு நகர முடியாத முதியவர்கள் என்றால், அந்தப் பகுதி சுகாதாரப் பணியாளரிடம் கேளுங்கள். 2021 ஆகஸ்ட் 5 அன்று தமிழ்நாட்டில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், தேவைப்படுவோருக்கு வீட்டிலேயே பிசியோதெரபி தருவதும் ஓர் அங்கம்.

தசையால் வரும் தாடை வலி பெரும்பாலானவர்களுக்குச் சில வாரப் பயிற்சியிலேயே இறங்கத் தொடங்கும். பல்லை எடுக்கலாம் என்று யாராவது சொன்னால், ஒரு கேள்வி கேட்டுவிடுங்கள்: "டாக்டர், என் தாடைத் தசையையும் மூட்டையும் ஒரு தடவை அழுத்திப் பார்க்கிறீங்களா?"