மலைக்குப் போகும் டாக்டர் யார்?

நள்ளிரவு. மலைக் கிராமத்தில் ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி. குழந்தை குறுக்கே கிடக்கிறது. ஆபரேசன் செய்ய வேண்டும். ஆஸ்பத்திரியோ, மலைக்குக் கீழே!

டாக்டர் பக்கத்தில் இருந்தால் இரண்டு உயிர் பிழைக்கும். இல்லாவிட்டால்?

கல்வராயன் மலைக்கு இது பழைய கவலை. அங்கே வாழ்பவர்களுக்கு 'மலையாளிகள்' என்று பெயர். கேரளத்துக்காரர்கள் என்று எண்ண வேண்டாம். அவர்கள் நம் பழங்குடி மக்கள்.

அடிவாரத்தில் கல்லூரி

2019-ல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆயிற்று. 2022 ஜனவரியில் சிறுவங்கூரில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. ஆண்டுக்கு 150 இடங்கள்.

அரசுப் பள்ளியில் 6-ம் வகுப்பு முதல் 12 வரை படித்தவர்களுக்கு, 2020-ம் ஆண்டுச் சட்டப்படி, நூற்றுக்கு ஏழரை இடம் உண்டு. அவர்களின் படிப்புச் செலவை அரசே ஏற்கிறது. கூலிக்காரர் மகளும் டாக்டர் ஆகலாம்.

இன்னொரு புது ஏற்பாடும் வந்திருக்கிறது. மாணவர்கள் முதல் ஆண்டிலேயே கிராமத்துக்குப் போக வேண்டும். ஆளுக்குச் சில குடும்பங்களைப் பொறுப்பில் எடுத்துக்கொள்ள வேண்டும். ரத்த அழுத்தம் என்ன, ரத்த சோகை உண்டா என்று பார்த்து வரவேண்டும். மறுபடி மறுபடி அதே வீட்டுக்குப் போக வேண்டும்.

நல்ல ஏற்பாடுதான். வீட்டுக்குள் போனால்தானே அடுப்புப் புகையும் தெரியும், குடிதண்ணீரும் தெரியும்!

சாராயச் சாவு

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயம் குடித்து 60 பேருக்கு மேல் இறந்தார்கள். பலரை சேலத்துக்கும் புதுச்சேரிக்கும் கொண்டு போக வேண்டி வந்தது. அதன் பிறகுதான் சென்னை ஐகோர்ட்டு, கல்வராயன் மலை மக்களின் வாழ்க்கை நிலை பற்றித் தானாகவே வழக்கு எடுத்தது.

கல்லூரி வந்தும் மலைக்கு டாக்டர் கிடைப்பாரா? அதுதான் கேள்வி.

படித்து முடித்தவர் மேல்படிப்புக்கு ஆசைப்படுவார். தன் குழந்தைக்கு நல்ல பள்ளிக்கூடம் தேடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது. குடியிருக்க வீடும், கூடப் பணி செய்ய ஆளும் கொடுக்காமல் "மலையில் இரு" என்றால், எத்தனை பேர் இருப்பார்கள்?

இருந்து காட்டியவர்கள்

இரண்டு பேர் இருந்து காட்டினார்கள்.

கல்வராயன் மலைக்கும் சித்தேரி மலைக்கும் நடுவே ஒரு பள்ளத்தாக்கு. பெயர் சிட்டிலிங்கி. தர்மபுரி மாவட்டம். 1993-ல் ரெஜி, லலிதா என்ற டாக்டர் தம்பதிகள் அங்கே குடியேறினார்கள். கேரளத்தில் படித்தவர்கள். லலிதா பிரசவம் பார்ப்பார். ரெஜி மயக்க மருந்து கொடுப்பார். முதல் ஆஸ்பத்திரி ஒரு குடிசை!

அப்போது அங்கே பிறந்த 1,000 குழந்தைகளில் 147 குழந்தைகள் ஒரு வயதுக்குள் இறந்தன. பிறகு அது 20 அளவுக்குக் குறைந்தது.

எப்படிக் குறைந்தது? மருந்து மட்டும் காரணம் அல்ல. உள்ளூர்ப் பெண்களையே அழைத்துப் பழக்கினார்கள். கர்ப்பிணியை வீடு தேடிப் போய்ப் பார்க்கவும், ஆபத்து வருமுன் அழைத்து வரவும் சொல்லிக் கொடுத்தார்கள்.

குடிசை இருந்த ஊரில் இன்று பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது. நர்சு வேலை பார்ப்பவர்கள், அந்த மலைப் பெண்கள்.