டி.வி. போச்சு, பிரிட்ஜ் போச்சு. பியூஸ் மட்டும் போகலை!

ராயப்பேட்டை வீடுகளை மிரட்டும் "நியூட்ரல் கட்"

சென்னை ராயப்பேட்டையின் சந்துகளில் மழைக்காலம் வந்தால் ஒரு புலம்பல் கேட்கும்.

"நல்லா ஓடிக்கிட்டிருந்த டி.வி. புகைஞ்சு போச்சுங்க. அதே நேரத்திலே எதிர் வீட்டிலே பல்பு மினுக் மினுக்குன்னு அழுது வடியுது. பியூஸைப் பிடுங்கிப் பார்த்தா, கம்பி அப்படியே இருக்கு!"

இது பேயும் இல்லை, பிசாசும் இல்லை. எலக்ட்ரீஷியன்கள் இதற்கு வைத்திருக்கும் பெயர் "நியூட்ரல் கட்". ஒரு வீட்டின் டி.வி. எரிவதும், எதிர் வீட்டு விளக்கு மங்குவதும் ஒரே கோளாறின் இரண்டு பக்கம்.

தெருமுனைப் பெட்டியில் என்ன நடக்கிறது?

ராயப்பேட்டையில் மின்சாரம் பெரும்பாலும் பூமிக்கடியில் கேபிளில் வருகிறது. தெரு ஓரத்தில் நிற்கும் பில்லர் பாக்ஸில் இருந்து வீடுகளுக்குப் பிரிகிறது. மூன்று பேஸ் கம்பி, ஒரு நியூட்ரல். ஒரு வீட்டுக்கு ஒரு பேஸ். அடுத்த வீட்டுக்கு வேறொரு பேஸ். நியூட்ரல் மட்டும் எல்லோருக்கும் பொது.

பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே 230 வோல்ட். ஒரு பேஸுக்கும் இன்னொரு பேஸுக்கும் நடுவே 400 வோல்ட். இந்த இரண்டு எண்ணும் ஞாபகம் இருக்கட்டும்.

நியூட்ரல் நன்றாக இருக்கும் வரை எல்லா வீடும் "பாரலல்" இணைப்பில் இருக்கிறது. பள்ளிக்கூடப் புத்தகத்தில் பக்க இணைப்பு என்று படித்தது இதுதான். ஒருத்தர் சுவிட்சை அணைத்தால் அடுத்தவருக்குப் பாதிப்பு கிடையாது. ஆளுக்கு முழுசாக 230 வோல்ட்.

"சீரீஸ்", அதாவது தொடர் இணைப்பு, வேறு கதை. ஆடி மாதம் அம்மன் கோவில் வாசலில் தொங்கும் சீரியல் செட்டைப் பார்த்தால் புரியும். 6 வோல்ட் பல்பு நாற்பதை வரிசையாகக் கோத்து 230 வோல்டில் மாட்டுகிறார்கள். வோல்டேஜைப் பல்புகள் பங்கு போட்டுக் கொள்கின்றன. ஒன்று போனால் அந்த வரிசையே இருட்டு.

பங்கு எப்போதும் சமமாக இருக்காது. எது கரண்டை அதிகமாகத் தடுக்கிறதோ, அதன் தலையில்தான் அதிக வோல்டேஜ் விழும்.

சிக்கனமாக இருந்தவருக்கு இடி!

மழைத் தண்ணீர் புகுந்தோ, துருப் பிடித்தோ, ரோட்டைத் தோண்டும்போதோ பொது நியூட்ரல் விட்டுப் போகிறது என்று வையுங்கள். மூன்றரை கோர் கேபிளாக இருந்தால் அதில் நியூட்ரல்தான் ஒல்லியான கம்பி. அது விட்டதும், இத்தனை நாள் பாரலலில் இருந்த வீடுகள் ஒரே நொடியில் சீரீஸ் ஆகிவிடுகின்றன. அதுவும் 230 வோல்டில் இல்லை, 400 வோல்டில்!

ஒரு வீட்டில் 1000 வாட் இஸ்திரிப் பெட்டி ஓடுகிறது. வேறு பேஸில் உள்ள எதிர் வீட்டில் 100 வாட் டி.வி. மட்டும். கணக்குப் போட்டால் இஸ்திரிப் பெட்டிக்குச் சுமார் 36 வோல்ட், டி.வி.க்குச் சுமார் 364 வோல்ட்! பெட்டி சூடே ஆகாது. டி.வி. புகைந்துவிடும்.

மூன்றாவது பேஸில் உள்ள வீடுகளையும் சேர்த்தால் எண்கள் மாறும். முறை மாறாது. எந்தப் பேஸில் குறைவாக எரிக்கிறார்களோ அங்கேதான் வோல்டேஜ் ஏறும். எல்லாவற்றையும் அணைத்துவிட்டுச் சிக்கனமாக டி.வி. மட்டும் பார்த்தவருக்குத்தான் நஷ்டம்.

பியூஸ் ஏன் பேசாமல் இருந்தது?

பியூஸ் வோல்டேஜைப் பார்ப்பதில்லை. தன் வழியாக எத்தனை ஆம்பியர் ஓடுகிறது என்பது மட்டுமே அதற்குத் தெரியும். மேலே சொன்ன கணக்கில் ஓடுவது முக்கால் ஆம்பியர் கூட இல்லை. 5 ஆம்பியர் பியூஸ் ஏன் போகப் போகிறது? டி.வி.க்குள்ளே ஷார்ட் ஆன பிறகு வேண்டுமானால் போகலாம். அதற்குள் டி.வி.யின் கதை முடிந்திருக்கும்.

அப்படியென்றால் பியூஸ் எதற்கு? ஒயரைக் காப்பாற்ற. வீட்டுச் சாமான்கள் எல்லாம் பாரலல்; மெயின் பியூஸ் மட்டும் அத்தனைக்கும் சீரீஸ். எல்லோருடைய கரண்டும் அதன் வழியாகத்தான் போயாக வேண்டும்.

பிரிட்ஜுக்கு 1 ஆம்பியர். மிக்சிக்கு 3. இஸ்திரிக்கு 4. ஒன்றரை டன் ஏ.சி.க்கு 7 அல்லது 8. 2000 வாட் ஹீட்டருக்குச் சுமார் 9. கூட்டினால் 25 ஆகிறது. பழைய வீட்டில் ஒன்றரை எம்.எம். ஒயர் தாங்குவது சுமார் 15 தான். பியூஸ் போகிறது. "அடிக்கடி போகுதே, தொல்லை" என்று இரட்டைக் கம்பி முறுக்கிப் போடுகிறார்கள். அப்போது பியூஸ் போகாது, சுவருக்குள் ஒயர் வேகும். கரண்ட் இரண்டு மடங்கானால் சூடு நாலு மடங்கு. மறுநாள் பேப்பரில் "மின்கசிவு" என்று ஒரு வரி. 16 ஆம்பியர் எம்.சி.பி.யைக் கழற்றிவிட்டு 32 மாட்டுவதும் இதே தப்புதான்.

நியூட்ரலில் பியூஸ் கூடாது

சில பழைய வீடுகளில் பேஸுக்கு ஒன்று, நியூட்ரலுக்கு ஒன்று என்று ஜோடி பியூஸ் இன்னும் இருக்கிறது. நியூட்ரலில் தனியாகப் பியூஸோ சுவிட்சோ வைக்கக் கூடாது என்று 1956-ம் வருட இந்திய மின்சார விதிகளில் 32-வது விதி சொன்னது. மத்திய மின்சார ஆணையத்தின் 2010-ம் வருட விதிகளும் அதையே சொல்லின.

காரணம் உயிர். நியூட்ரல் பியூஸ் போனால் விளக்கு அணைந்துவிடும். ஆனால் பேஸ் கம்பியில் கரண்ட் அப்படியே நிற்கும். "கரண்ட் இல்லை" என்று நம்பித் தொட்டவர் கதி என்ன? மூன்று பேஸ் வாங்கியிருக்கும் கடையில் அந்தப் பியூஸ் போனால், தெருவில் நடக்கும் கூத்து கடைக்குள்ளேயே நடக்கும்.

என்ன செய்ய வேண்டும்?

ஒரு விளக்கு திடீரென்று பளிச்சென்று எரிந்தாலோ, மின்விசிறி பேய் வேகத்தில் சுற்றினாலோ யோசிக்க வேண்டாம். மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும். எதிர் வீட்டுக்கும் ஒரு குரல் கொடுக்க வேண்டும். பிறகு 2021-ல் தொடங்கிய மின்னகம் எண் 94987 94987-க்குப் புகார். புகார் எண்ணைக் குறித்து வைப்பது அவசியம்.

வோல்டேஜ் ஏறினால் தானே அறுத்துவிடும் கருவி கடைகளில் கிடைக்கிறது. ஷாக் அடிக்காமல் காக்கும் ஆர்.சி.சி.பி. வேறு, அதுவும் வேண்டும். ஆனால் இந்த வேலையை அது செய்யாது.

எரிந்த டி.வி.க்கு யார் பொறுப்பு? வீட்டுக்குள் நியூட்ரல் லூஸ் என்றால் வீட்டுக்காரர். பில்லர் பாக்ஸில் போனால் அவர் என்ன செய்வார்? பகுதி உதவிப் பொறியாளருக்கு எழுத்து மூலம் புகார் தரலாம். பதில் இல்லையென்றால் 2003-ம் வருட மின்சாரச் சட்டப்படி அமைந்த மின் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றம் இருக்கிறது. எத்தனை பேர் அங்கே போகிறார்கள்? பியூஸைத் திட்டிவிட்டு மெக்கானிக் கடைக்குத்தான் நடக்கிறார்கள்.

மழைக்கு முன்னால் ஒவ்வொரு பில்லர் பாக்ஸையும் திறந்து நியூட்ரல் போல்ட்டை முடுக்குவது ஒன்றும் பெரிய வேலை இல்லை. தெருவாசிகள் கேட்க வேண்டியது அதைத்தான்.