தரம் எங்கே பிறக்கிறது?

தரம் என்றவுடன் நம் நினைவுக்கு வருவது சோதனை. பொருளைச் செய்து முடித்தபின் ஒருவர் அதனைப் புரட்டிப் பார்த்து, நல்லதை ஒருபுறமும் கெட்டதை மறுபுறமும் ஒதுக்குகிறார். இதுவே தரக் கட்டுப்பாடு என்று தொழில் உலகம் நெடுங்காலம் நம்பியிருந்தது. ஆனால் ஒதுக்கிய பொருளுக்குச் செலவான இரும்பும் உழைப்பும் திரும்பி வருவதில்லை. சோதனை கெட்டதைக் காட்டும், நல்லதை உண்டாக்காது.

இதனைக் கணக்கோடு எடுத்துரைத்தவர்களுள் முதன்மையான இருவர் இயற்பியல் பயின்றவர்கள் என்பது அறிவியல் மாணவர்களாகிய நமக்குப் பெருமை. ஒருவர் அமெரிக்காவின் வால்டர் ஷூவார்ட். 1924ஆம் ஆண்டு அவர் கட்டுப்பாட்டு வரைபடத்தை உருவாக்கினார். எந்த வேலையிலும் ஏற்ற இறக்கம் இருந்தே தீரும். அது சராசரிக்கு இருபுறமும் மூன்று திட்டவிலக்க எல்லைக்குள் அமைந்தால், காரணம் வேலை முறையிலேயே இருக்கிறது. எல்லையைத் தாண்டினால் தனிக் காரணம் ஒன்று உண்டு. அதனைத் தேட வேண்டும்.

மற்றவர் எட்வர்ட்ஸ் டெமிங். போரில் சிதைந்திருந்த ஜப்பானுக்கு 1950இல் சென்று, பொறியாளர்களுக்கும் நிறுவனத் தலைவர்களுக்கும் இம்முறையைக் கற்பித்தார். மறு ஆண்டே அவர் பெயரால் ஒரு பரிசு அங்கு நிறுவப்பட்டது. இந்தியாவில் அப்பரிசை முதன்முதலில், 1998இல், பெற்றது சென்னை சுந்தரம் கிளேட்டன் நிறுவனத்தின் பிரேக் பிரிவு.

டெமிங் தம் வகுப்புகளில் ஒரு சோதனை செய்து காட்டுவார். ஒரு பெட்டியில் 3200 வெள்ளை மணிகளும் 800 சிவப்பு மணிகளும் கலந்திருக்கும். ஐம்பது குழிகள் கொண்ட பலகையால் 'தொழிலாளர்' மணிகளை அள்ள வேண்டும். சிவப்பு வந்தால் குறை. குறைவாக வந்தவருக்குப் பாராட்டு, மிகுதியாக வந்தவருக்குக் கண்டிப்பு. எவ்வளவு கண்டித்தாலும் சராசரி பத்தை ஒட்டியே நிற்கும். ஏனெனில் பெட்டியில் ஐந்தில் ஒரு பங்கு சிவப்பு. பெட்டியை மாற்றும் அதிகாரம் அள்ளுபவரிடம் இல்லை, நிர்வாகத்திடம் இருக்கிறது.

இக்கருத்து தொழிற்சாலை வாசலோடு நின்றுவிட வேண்டியதில்லை என்பது என் எண்ணம். பருவத் தேர்வும் இறுதிச் சோதனையே. ஒரு தாளில் ஆண்டுதோறும் ஏறத்தாழ அதே அளவு மாணவர்கள் தவறினால், அத்தனை பேரையும் சோம்பேறிகள் என்பது அறிவியல் ஆகுமா? பாடச்சுமை, ஆய்வகக் கருவிகளின் எண்ணிக்கை, தமிழில் படித்து வந்தவர் ஆங்கில நூலோடு போராடும் முதல் பருவம் ஆகியவற்றையன்றோ முதலில் ஆராய வேண்டும்!

மாணவன் மணி அல்லன், அவன் முயற்சிக்கு மதிப்பில்லையா என்று கேட்கலாம். நிச்சயம் உண்டு. எப்போதும் தேறுபவன் திடீரெனத் தவறினால் அது தனிக் காரணம். அவனை அழைத்துப் பேசுவதே முறை. ஆனால் பொதுக் காரணத்தைத் தனி மனிதன் தலையில் ஏற்றுவது அநீதி. கல்லூரி வாசலையே முதன்முதலாக மிதித்த என் போன்றோர் வீடுகளில், ஒரு தாளில் தவறினால் 'நமக்குப் படிப்பு ஏறாது' என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அந்த முடிவு தம்பி, தங்கையின் படிப்பையும் தடுத்துவிடும்.

எனவே ஒவ்வொரு துறையும் தாள்வாரியாகத் தேர்ச்சி வரைபடம் ஒன்றைப் பேண வேண்டும். பருவந்தோறும் ஆசிரியரும் மாணவரும் சேர்ந்து அமர்ந்து அதனை ஆராய வேண்டும். ஆசிரியரைக் குறைகூற அதனைக் கருவியாக்குதல் கூடாது. அவரும் அதே பெட்டியிலிருந்து அள்ளுபவரே. அச்சத்தை அகற்றுக என்பது டெமிங் வகுத்த பதினான்கு நெறிகளுள் ஒன்று. அச்சமிருக்கும் இடத்தில் உண்மையான எண்கள் வெளிவருவதில்லை.

இதற்குப் பெரும் பொருட்செலவு இல்லை. ஒரு வரைபடத் தாளும், குறையை மறைக்காமல் பேசும் மனமும் போதும். வரும் பருவத்திலேயே நம் துறைகள் இதனைத் தொடங்கட்டும்.