தேசிக்காயும் பாரிஸ் தாத்தாவின் மூக்கும்

போன சனிக்கிழமை எங்கட குசினி முழுக்கத் தண்ணி. மகனுக்குப் பள்ளிக்கூடத்தில் ஒரு படவேலை: தண்ணி தெறிக்கிற காட்சியைப் படமெடுத்துக் கொண்டு போகவேண்டும். அவனுக்கு வயது 13. "அம்மா, ஒரு தேசிக்காய் தாங்கோ" என்று தொடங்கியவன், இரவு சாப்பாட்டுக்குள் நாலு துவாயை நனைத்துவிட்டான்.

வீட்டில் செய்து பார்க்க விரும்புகிறவர்களுக்காக முறையைச் சொல்கிறேன். மேசையில் ஒரு கண்ணாடிக் குவளை, பின்னால் கறுப்பு மட்டை. கமரா ஸ்டாண்டில், அசையாமல். குவளையின் வாயில் ஒரு கரண்டியைப் பிடித்து அதற்கு ஃபோகஸ் செய்து, பிறகு அதை மாறாமல் பூட்டிவிட வேண்டும். அறையை இருட்டாக்கி, ஃபிளாஷைப் பக்கவாட்டில் வைக்க வேண்டும். தண்ணி படாமல் அதற்கு ஒரு பிளாஸ்டிக் பை. ஃபிளாஷின் பலத்தைப் பதினாறில் ஒரு பங்காகக் குறைத்தோம். பலம் குறையக் குறைய அது மின்னுகிற நேரமும் குறையும். துளியை அந்தரத்தில் நிறுத்துவது அந்தச் சின்ன மின்னல்தான்.

63 படம் எடுத்தோம். ஒன்றில் தேசிக்காய் சரியான இடத்தில் நிற்கிறது, தெறிப்பு இல்லை. இன்னொன்றில் இடப்பக்கத் தண்ணி முடி மாதிரி எழும்பியிருக்கிறது, வலப்பக்கம் வெறுமை. எல்லாம் சேர்ந்து அமைந்த படம் ஒன்றுகூட இல்லை.

அதுக்குத்தான் ஒட்டு வேலை. நல்ல 4 படங்களைத் தெரிந்து, கணினியில் ஒன்றின்மேல் ஒன்றாக லேயர்களாக அடுக்கினான். நாங்கள் பாவித்தது ஜிம்ப், காசில்லாதது. மேல் லேயரை 'லைட்டன்' என்ற முறைக்கு மாற்றினால், இரண்டு படங்களிலும் எது வெளிச்சமோ அது மட்டும் தெரியும். கறுப்புப் பின்னணி மறைந்து துளிகள் மிஞ்சும். வேண்டாத துளிகளை மாஸ்க் போட்டு மறைக்கலாம்.

எல்லாம் சரியாகத்தான் செய்தான். ஆனாலும் படம் எங்கேயோ இடித்தது. ஒரு மணித்தியாலம் பார்த்தபிறகுதான் பிடிபட்டது. சாப்பிட்டுவிட்டு வந்து ஃபிளாஷை மற்றப் பக்கம் மாற்றி வைத்திருக்கிறோம். சில துளிகளில் மினுக்கம் இடப்பக்கம், சிலவற்றில் வலப்பக்கம். அந்த லேயரைக் கண்ணாடியில் தெரிகிற மாதிரி இடம்வலமாகத் திருப்பினான், சரியாகிவிட்டது. "வெளிச்சம் எங்க இருந்து வருது எண்டுதான் முதல்ல பார்க்கோணும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

அடுத்த நாள் அம்மா வீட்டுக்குப் போனோம். அங்கே வரவேற்பறையில் ஒரு குடும்பப் படம் தொங்குகிறது. நடுவில் என்ர அம்மம்மா இருக்கிறா, சுற்றிவர அவவின் ஐந்து பிள்ளைகள், பின்னால் நீலத் திரை. மகன் பிறந்த நாளில் இருந்து பார்க்கிற படம். அன்றைக்கு அதன் முன்னால் நின்றுகொண்டு கூப்பிட்டான்.

"அம்மா, பாரிஸ் தாத்தாவின்ர மூக்கு நிழல் மற்றப் பக்கம் விழுது. இது ஒட்டின படம்."

எனக்கு அது தெரியும். சொல்ல வேண்டும் என்று நினைத்ததில்லை, அவ்வளவுதான். இல்லை, அதுவும் முழு உண்மையில்லை. சொன்னால் ஏன் என்று கேட்பான், அதற்குப் பதில் சொல்ல எனக்கு முழுக்கதையும் தெரியாது.

அம்மா தேத்தண்ணியோடு வந்து கதிரையில் இருந்தா. "ஓம், ஒட்டினதுதான்" என்றா. 1983க்குப் பிறகு அந்த ஐந்து பேரும் அம்மம்மாவும் ஒரு இடத்தில் நிற்கவே இல்லையாம். பெரிய மாமா பாரிஸில் இருந்து தபாலில் படம் அனுப்பினார். சின்னம்மா லண்டனில், ஒரு மாமா கொழும்பில். கடைசி மாமாதான் யாழ்ப்பாணத்தில் அம்மம்மாவோடு. 1997இல் இங்கே ஸ்காபரோவில் ஒரு ஸ்டூடியோக்காரர் எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுத்தார். ஒரு பிரதி ஊருக்குப் போனது. அம்மம்மா சாகும்வரை அது அவவின் கட்டிலுக்கு நேரே இருந்ததாம்.

"அப்ப இது பொய்ப்படமா?" என்று மகன் கேட்டான். நான் வாயைத் திறக்க முதல் அம்மா சொன்னா: "ஆக்கள் உண்மை. நிண்டதுதான் பொய்."

"லைட்டை நான் சரியாக்கித் தரட்டா, அம்மம்மா? அண்ணாவைத் திருப்பி விட்டால் காணும்."

அம்மா யோசித்தா. "வேண்டாம் ராசா. அண்ணான்ர மச்சம் மற்றக் கன்னத்துக்குப் போயிடும்."

வோர்த்திங்டன் என்ற ஆங்கிலேய இயற்பியலாளரைப் பற்றி அன்றிரவு மகனுக்குச் சொன்னேன். துளி விழுந்து தெறிப்பதை மின்பொறியின் வெளிச்சத்தில் கண்ணால் பார்த்து, பல வருடம் கையால் வரைந்தவர். அவர் வரைந்த தெறிப்புகள் எல்லாப் பக்கமும் ஒரே அளவாக, அழகாக இருந்தன. 1894இல் அவற்றைப் புகைப்படமாக எடுத்தபோதுதான் நிஜத் தெறிப்பு ஒரு பக்கம் கோணியும் குறைந்தும் இருப்பது தெரிந்தது. அதற்குப் பிறகு தான் முன்பு வரைந்ததைப் பற்றி அவர் வெளிப்படையாகவே எழுதினார்.

மகன் தன் படத்தின் கீழே ஒரு வரி எழுதிக் கொடுத்திருக்கிறான்: '63 படங்களில் இருந்து 4 படங்களைச் சேர்த்தது. ஒன்று திருப்பப்பட்டது.' அப்படி எழுதினால் புள்ளி குறையுமோ என்று கேட்டான். குறைந்தால் குறையட்டும் என்றேன்.

இந்த ஞாயிறு திரும்ப அம்மா வீட்டுக்குப் போகிறோம். சட்டத்தைக் கழற்றி, படத்தின் பின்னால் பென்சிலால் எழுதப் போகிறோம்: யார், எந்த ஊரில், எந்த வருடம் எடுத்த படம். அம்மா சொல்லச் சொல்ல மகன் எழுதுவான். அவனுடைய தமிழ் எழுத்து கொஞ்சம் சரியும், பரவாயில்லை.

உங்கட வீட்டுச் சுவரிலும் இப்படி ஒரு படம் இருக்கக்கூடும். மூக்கு நிழல்களைப் பிள்ளைகளோடு ஒருக்கா பாருங்கோ. கேட்டால் சொல்லக்கூடியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கோ.