சிவப்பு விளக்கின் வாயை அடைக்கலாமா?

எமது நாட்டில் முப்பது ஆண்டுகளைக் கடந்த பிக்கப் வண்டியும் ஒரு குடும்பச் சொத்தே. காலையில் வெங்காய மூட்டைகளைச் சந்தைக்குச் சுமக்கும் அதே வண்டி, மாலையில் பிள்ளைகளையும் ஏற்றிச் செல்கின்றது. 2020 இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 இல்தான் மீண்டும் தொடங்கிற்று. அதன் பின்னரும் புதிய வண்டியின் விலை எளியோருக்கு எட்டுவதாயில்லை. ஆகவே பழைய ஹைலக்ஸ், இசுசு, நிசான் வண்டிகள் இன்னும் பல்லாண்டு ஓடத்தான் போகின்றன. அவற்றின் முகப்பிலே எரியும் சிவப்பு நிறப் பிறேக் விளக்கைப் பற்றி இவ்வாரம் சிறிது ஆராய்வோம்.

அடைபட்ட திரவத்தின்மீது கொடுக்கும் அழுத்தம் எல்லாப் பக்கங்களுக்கும் சமமாகப் பரவும் என்ற பாஸ்கலின் விதியை மாணவர்கள் அறிவர். பிறேக் தொழிற்படுவது அவ்விதியினாலேயே. மிதியை அழுத்தினால் மாஸ்ரர் சிலிண்டரிலுள்ள பிறேக் ஒயில் குழாய் வழியே சென்று நான்கு சில்லுகளையும் பற்றுகின்றது. ஆனால் ஓரிடத்தில் ஒழுகினாலும் அழுத்தம் முழுவதும் வீணாகிவிடும். இதனாலேயே அமெரிக்காவில் 1968 ஜனவரி முதல் புதிய கார்களுக்கு இரு தனித்தனிப் பாதைகளும், ஒன்று பழுதுற்றால் அறிவிக்கும் விளக்கும் சட்டத்தால் கட்டாயமாக்கப்பட்டன. முதலாவது ஹைலக்ஸ் வண்டி ஜப்பானில் வெளிவந்ததும் அதே ஆண்டில்தான்.

இவ்விளக்கு எரிவதற்குக் கைப்பிறேக்கை விடுவிக்க மறந்தது காரணமாயிருக்கலாம். அஃதன்றேல் பெரும்பாலும் ஒயில் மட்டம் தாழ்ந்திருக்கும். உடனே பலர் செய்வது யாது? சிறிது ஒயிலை ஊற்றுகின்றனர், விளக்கு அணைந்துவிடுகின்றது, மனமும் அமைதியடைகின்றது. பிறேக் ஒயில் பெற்றோலைப் போலச் செலவாகும் பொருளன்று. மட்டம் தாழ்ந்ததெனின், முன் சில்லுகளின் பிறேக் கட்டைகள் தேய்ந்து அவ்விடத்தை ஒயில் நிரப்பியிருக்க வேண்டும். அல்லது எங்கோ ஒழுக்கு இருக்க வேண்டும். பின்சில்லின் சிலிண்டரில் ஏற்படும் ஒழுக்கு டிறம்மின் உள்ளே மறைந்திருப்பதால் நிலத்தில் சொட்டுக்கூட விழாதிருக்கலாம். ரயரின் உட்புறம் ஈரமாயிருந்தால் அதுவே சான்று. ஒயில் என்ற பெயரை நம்பி எஞ்சின் ஒயிலை ஊற்றுவோரும் உளர். அது உள்ளேயுள்ள றப்பர்களை ஊதச் செய்து, பிறேக் அமைப்பு முழுவதையும் கெடுத்துவிடும்.

சில வண்டிகளில் பற்றறி விளக்கும் பிறேக் விளக்கும் ஒருங்கே எரிவதுண்டு. அப்போது அல்டனேற்றரை முதலில் பார்ப்பது நன்று. அதைச் சிறிய மின்கோளாறென்று ஒதுக்கிவிடலாகாது. டீசல் எஞ்சின், பெற்றோல் எஞ்சினைப் போலப் போதிய வெற்றிடத்தைத் தானே உண்டாக்குவதில்லை. பிறேக்குக்கு வலுவூட்டும் வெற்றிடப் பம்பு பல பழைய ஜப்பானிய டீசல் வண்டிகளில் அல்டனேற்றரின் பின்புறத்திலேயே பொருத்தப்பட்டுள்ளது. பம்பு ஓய்ந்தால் மிதி கல்லாகிவிடும்.

பிக்கப் வண்டிக்கே உரிய தொல்லை ஒன்றுண்டு. சுமையில்லாதபோது அதன் பின்பகுதி மிக இலேசானது. கடுமையாகப் பிறேக் பிடித்தால் பின்சில்லுகள் இறுகி வண்டி சுழன்றுவிடும். இதைத் தடுக்கப் பல வண்டிகளில் பின் அச்சுக்கு மேலே ஒரு வால்வு உண்டு. சுமையேறி உடல் தாழத் தாழ, அச்சுடன் இணைந்த கம்பி அசைந்து, பின்சில்லுகளுக்கு அழுத்தத்தைக் கூட்டும். நம்மவரோ அதிகப் பாரம் ஏற்றுவதற்கென்று மேலதிக வில்லுத் தகடுகளைச் சேர்த்து உடலை உயர்த்திவிடுகின்றனர். முழுப் பாரம் ஏற்றியும் உடல் தாழாதாகையால், வண்டி வெறுமையாயுள்ளதென வால்வு கருதிப் பின்பிறேக்கைக் குறைத்துவிடுகின்றது. பாரம் கூட்டச் செய்த வேலை, பாரத்தை நிறுத்தும் வலிமையைக் குறைக்கின்றது! இதற்கு எவ்விளக்கும் எரியாது. தகடு சேர்க்கும்போதே அக்கம்பியையும் சரிசெய்யுமாறு கராஜில் வற்புறுத்த வேண்டும்.

கொதிப்பையும் விளக்கு அறியாது. பிறேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டொட் 3 வகை ஒயில் புதிதாயிருக்கையில் குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதியாது. ஈரமேறியபின் அவ்வெல்லை 140 பாகைக்கு இறங்கிவிடுகின்றது. சுமார் 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவிலிருந்து றம்பொடை வழியாகக் கம்பளைக்கு இறங்குபவர் மிதியில் காலை வைத்தபடியே வந்தால், ஒயில் கொதித்து ஆவிக் குமிழிகள் தோன்றும். ஆவி நெருக்குண்டு சுருங்கும், மிதி அடிவரை தாழும், வண்டி நில்லாது. சிறிய கியரில் இறங்குவதும், இரண்டாண்டுக்கு ஒருமுறை ஒயிலை மாற்றுவதுமே இதற்குப் பரிகாரம்.

பழைய வண்டி வாங்கச் செல்வோர் எஞ்சின் ஓடுகையில் மிதியை அரை நிமிடம் அழுத்திப் பிடித்துப் பார்க்க. அது மெல்லத் தாழ்ந்துகொண்டே போனால் மாஸ்ரர் சிலிண்டரின் உள்றப்பர் தேய்ந்திருக்கக் கூடும். ஒயில் வெளியேறாததால் மட்டமும் குறையாது. பின்னர் எஞ்சினை நிறுத்திச் சாவியை மட்டும் திருப்பிக் கைப்பிறேக்கை இழுக்க வேண்டும். சிவப்பு விளக்கு எரிய வேண்டும். எரியவில்லையாயின், விலை பேசுமுன், பல்ப் கருகிவிட்டதா அல்லது யாரேனும் கழற்றிவிட்டனரா என்று விற்பவரைக் கேட்டறிக.