ஏழு வருஷக் கடனும் ஐந்து மாத உப்பும்

போன ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு போன். மும்பைக்கு வந்து இத்தனை வருஷம் ஆகியும், ஞாயிறு ஆறு மணி என்பது எனக்கு நடுராத்திரிதான். அக்கா மகன், கனடாவிலிருந்து. டொராண்டோவை ஒட்டிய மிசிசாகாவில் இருக்கிறான். அங்கே சனி இரவு.

"மாமா, ஸ்போர்ட்ஸ் கார் எடுத்துட்டேன்."

வேறு யாராக இருந்தாலும் என்ன கலர், என்ன ஸ்பீடு போகும் என்று கேட்டிருப்பார்கள். இருபது வருஷமாகக் கடன் விண்ணப்பங்களைப் புரட்டிப் புரட்டி எனக்கு வாயில் வந்தது, "எத்தனை மாசத் தவணைலே?"

"84 மாசம் மாமா."

அங்கே அது சாதாரணம். ஏழு வருஷத்துக்கு இழுத்தால் மாதத் தவணை சின்னதாகத் தெரியும், பையன்கள் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். அதைப் பற்றித் தனியாகப் புலம்பலாம். அவன் கேட்க வந்தது வேறு. குளிர்காலத்தில் ரோட்டில் உப்புப் போடுவார்களே, அதிலிருந்து காரைக் காப்பாற்ற ஷோரூம்காரர்கள் ஒரு பேக்கேஜ் சொல்கிறார்களாம். அடியில் கறுப்பு ரப்பர் பூச்சு, கூடவே துருவைத் தடுக்கும் எலக்ட்ரானிக் பெட்டி. அதையும் கடனோடு சேர்த்துவிடலாமாம். "நீங்க மூணு வருஷம் இங்க இருந்தவர்தானே, சொல்லுங்க மாமா" என்றான்.

போனில் அரைகுறையாகத்தான் சொன்னேன். முழுசாக இங்கே எழுதிவிடுகிறேன். அவனைப் போல இன்னும் நாலு பேருக்கு உதவும்.

நான் தூத்துக்குடிக்காரன். உப்பு இரும்பை என்ன செய்யும் என்று எனக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டாம். அப்பா உப்பளத்தில் கணக்குப்பிள்ளை. பாத்தியில் உப்பு வாரும் பலகை மரத்தில்தான் இருக்கும். அப்பாவுடைய சைக்கிளை வாரம் ஒரு தடவை பழைய இன்ஜின் ஆயிலில் நனைத்த துணியால் துடைத்தே ஆகவேண்டும், அது என் வேலை. பக்கத்து வீட்டில் துடைக்காமல் விட்ட சைக்கிளுக்கு இரண்டு வருஷத்தில் மட்கார்டு கிடையாது. இப்படி வளர்ந்தவன், எங்கள் வங்கி 2014-இல் டொராண்டோவுக்கு அனுப்பியபோது, கொட்டும் பனியில் லாரி லாரியாக ரோட்டில் உப்பை இறைப்பதைப் பார்த்து வாயடைத்து நின்றேன்.

அந்த உப்பு எங்கிருந்து வருகிறது என்று விசாரித்தால் இன்னும் ஆச்சரியம். ஒன்டாரியோ மாகாணத்தில் கோடெரிக் என்ற ஊரில், ஹூரோன் ஏரிக்கு அடியில் 550 மீட்டர் ஆழத்தில் சுரங்கம் போட்டு வெட்டுகிறார்கள். உலகத்திலேயே பெரிய உப்புச் சுரங்கம் அதுதான். 2001-இல் கனடா அரசு வெளியிட்ட ஆய்வின்படி, நாடு முழுக்க ஒரு வருஷத்துக்கு ரோட்டில் கொட்டியது கிட்டத்தட்ட 50 லட்சம் டன்.

உப்பு போடுவது தப்பு என்று நான் சொல்லவில்லை. உப்பு கலந்தால் தண்ணீர் உறையும் புள்ளி இறங்கும், ஐஸ் உருகும், வண்டி வழுக்காது, உயிர் பிழைக்கும். ஆனால் அதன் செலவு மாநகராட்சி பட்ஜெட்டோடு முடிவதில்லை. மிச்சத்தை வண்டிக்காரன் தலையில் எழுதுகிறார்கள். அமெரிக்காவின் மோட்டார் சங்கமான ஏஏஏ 2017-இல் போட்ட கணக்கில், இப்படி வரும் துருவைச் சரிசெய்ய அந்நாட்டு வண்டிக்காரர்கள் வருஷத்துக்கு 300 கோடி டாலர் செலவழிக்கிறார்கள். காமர்ஸ் படித்தவன் பாஷையில் சொன்னால், தேய்மானத்தை அடுத்தவன் புத்தகத்தில் ஏற்றுவது.

எனக்கு இது எப்படித் தெரிந்தது என்று சொல்கிறேன். அங்கே போன அடுத்த வருஷம் ஒரு பழைய ஜப்பானியக் கார் வாங்கினேன். இரண்டே சீட், மடக்குகிற கூரை. நாற்பதை நெருங்கும் வயதில் ஒரு கிறுக்கு, அவ்வளவுதான். மேலே பார்த்தால் சிவப்புப் பெயின்ட் கண்ணாடி மாதிரி மின்னும். குனிந்து பார்க்கத் தோன்றவில்லை. ஊரில் ஈடு வைக்கும் சொத்தை நாலு தடவை நேரில் போய்ப் பார்க்கிறவன், சொந்தக் காசு என்றதும் பெயின்ட்டைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டேன்.

2016 பிப்ரவரி. மகளைப் பக்கத்து சீட்டில் வைத்துக்கொண்டு கடை வாசல் பார்க்கிங்கில் மெதுவாகத் திரும்புகிறேன். பிரேக்கை மிதித்தால் பெடல் தரை வரைக்கும் போகிறது. நல்ல வேளை, பிரேக் இரண்டு பாதியாகப் பிரிந்திருக்கும். ஒரு பாதி போனாலும் மற்றது கொஞ்சம் பிடிக்கும். அதையும் ஹேண்ட் பிரேக்கையும் வைத்து ஒரு பனிக்குவியலில் கொண்டுபோய் முட்டி நிறுத்தினேன். மகள் சிரித்தாள், விளையாட்டு என்று நினைத்துக்கொண்டாள். எனக்குக் கை நடுக்கம் அடங்க அரை மணி நேரம் ஆனது.

மெக்கானிக் தூக்கிக் காட்டினார். பிரேக் ஆயில் போகும் இரும்புக் குழாய், பென்சில் தடிமன்கூட இருக்காது, துருவேறி வெடித்திருந்தது. கதவுக்குக் கீழே ஓடும் சட்டத்தில் ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தினார். பிஸ்கட்டில் இறங்குவது போல இறங்கியது. மேலே பெயின்ட் அப்படியே மின்னிக்கொண்டிருந்தது!

இது என் ஒருத்தன் கதை இல்லை. சுமார் 50 லட்சம் பழைய பிக்கப், எஸ்யூவி வண்டிகளில் பிரேக் குழாய் துருப்பிடித்து வெடிப்பதை அமெரிக்கச் சாலைப் பாதுகாப்புத் துறை பல வருஷம் விசாரித்தது. 2015-இல், இது தயாரிப்புக் குறை இல்லை, வருஷக்கணக்கான உப்பின் வேலை என்று சொல்லி கோப்பை மூடிவிட்டது. அடிப்பகுதியைக் கழுவுங்கள், குழாயைச் சோதியுங்கள் என்று மட்டும் அறிவுரை. ஆக, கம்பெனியும் பொறுப்பில்லை, மாநகராட்சியும் பொறுப்பில்லை. கார் வாரன்டிப் புத்தகத்தின் பொடி எழுத்தைப் படித்துப் பாருங்கள். பெரும்பாலும் தகடு உள்ளிருந்து அரித்து ஓட்டை விழுந்தால்தான் பணம். மேல்துரு கணக்கில் வராது, பிரேக் குழாயும் வராது.

சரி, மருமகன் விஷயத்துக்கு வருகிறேன்.

"வாராவாரம் கழுவிடுவேன் மாமா, கீழ பேஸ்மென்ட்ல ஹீட்டிங் போட்ட பார்க்கிங், வெளிய நிக்கவே நிக்காது" என்று பெருமையாகச் சொன்னான். அங்கேதான் எனக்குத் திக்கென்றது. வெளியே குளிரில் நிற்கிற வண்டியில் பனியும் உப்பும் உறைந்து கிடக்கும், துரு மெதுவாகத்தான் ஏறும். சூடான பேஸ்மென்ட்டில் அது உருகி, உப்புத் தண்ணீராகி, ஒவ்வொரு இடுக்கிலும் இறங்கி ராத்திரி முழுக்க வேலை செய்யும். சூடு கூடக்கூட துருவின் வேகமும் கூடும். போதாக்குறைக்கு இப்போது சாதா உப்போடு கால்சியம் குளோரைடு, மக்னீசியம் குளோரைடு கரைசலையும் தெளிக்கிறார்கள். சாதா உப்பு காற்றில் 75 சதவீத ஈரப்பதம் இருந்தால்தான் தண்ணீரை இழுத்துக் கசியும். இவை இரண்டுக்கும் அதில் பாதிகூட வேண்டாம். கார் காய்ந்துவிட்டது என்று நாம் நினைப்போம், தகட்டு மடிப்புக்குள் காயவே காயாது.

பார்க்கிங் தளத்தில் சொட்டுகிற அந்தத் தண்ணீரின் பலத்தை ஒன்டாரியோவின் எலியட் லேக் என்ற ஊரில் கேளுங்கள். அங்கே ஒரு வணிக வளாகத்தின் மொட்டை மாடிதான் கார் நிறுத்துமிடம். 1980-இல் திறந்த நாளிலிருந்து ஒழுகல். உப்பு கலந்த தண்ணீர் முப்பது வருஷம் சொட்டிச் சொட்டி இரும்பு உத்தரத்தின் இணைப்பை அரித்து, 2012 ஜூன் 23 அன்று மாடி இடிந்து விழுந்தது. இரண்டு பெண்கள் செத்துப் போனார்கள். கட்டடத்தின் இரும்புக்கே இந்த கதி. பிஞ்சுக் குழாய்க்கு?

கழுவுவது நல்லதுதான், நான் தடுக்கவில்லை. ஆனால் மேலே நுரை போட்டுக் கழுவுவது நம் திருப்திக்கு. அடியிலிருந்து பீய்ச்சி அடிக்கும் இடமாகப் பார்க்க வேண்டும், அந்தத் தண்ணீரையே திரும்பத் திரும்பச் சுற்றவிடுகிற இடமாக இருக்கக் கூடாது. உப்புத் தண்ணீரால் கழுவி என்ன பிரயோஜனம்? எப்படிக் கழுவினாலும் மடிப்புக்குள் போனது போனதுதான். மடக்குக் கூரை வண்டிக்கு இன்னொரு தொல்லை: கூரைத் தண்ணீர் இறங்கும் துளைகளில் இலைதழை அடைத்தால், தண்ணீர் கதவடிச் சட்டத்துக்குள் தேங்கும். என் வண்டியில் உள்ளிருந்து அரித்தது அப்படித்தான்.

அந்த எலக்ட்ரானிக் பெட்டி? சுத்த ஏமாற்று என்பது என் அபிப்பிராயம். மின்சாரத்தால் துருவைத் தடுக்கும் முறை உண்மைதான். கப்பலுக்கும் மண்ணில் புதைத்த குழாய்க்கும் அது பலிக்கும், ஏனென்றால் கடல்நீரும் ஈரமண்ணும் சுற்றிலும் இருந்து மின்சாரத்தைக் கடத்துகின்றன. கார் காற்றில் நிற்கிறது. தண்ணீரில் முக்கியே வைத்திருந்தால் வேண்டுமானால் பெட்டி வேலை செய்யலாம் :-)

கறுப்பு ரப்பர் பூச்சு அதைவிட மோசம். புதுசில் அழகாக இருக்கும். கல் பட்டு ஒரு இடத்தில் வெடித்தால் உள்ளே தண்ணீர் புகுந்து வெளியே வர வழியில்லாமல் நிற்கும். புண்ணுக்கு மருந்து போடாமல் கட்டுப்போட்ட கதை. கட்டைப் பிரிக்கும்போது எலும்பு தெரியும்.

உருப்படியானது ஒன்றே ஒன்று. ஒவ்வொரு வருஷமும் பனிக்கு முன்னால் எண்ணெய் அடிப்பது. கெட்டியாகாமல் இடுக்குகளில் தானே ஊர்ந்து போகும் எண்ணெய். கதவுக்குள்ளும் சட்டங்களுக்குள்ளும் அடிப்பார்கள். இரண்டு மூன்று நாள் தரையில் சொட்டும், கீழ் வீட்டுக்காரர் திட்டுவார், பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான். நான் பட்டபின் இரண்டு வருஷம் அடித்தேன், ஒரு தடவைக்கு 150 டாலருக்குள் முடிந்தது. அப்பாவின் ஆயில் துணிதான். டாலரில் கொடுத்தேன், அவ்வளவே.

ஆனால் மருமகனுக்கு நான் சொல்வது அதற்கும் மேலே: பனிக்காலத்தில் அந்தக் காரை எடுக்காதே. நவம்பர் முடிவிலிருந்து ஏப்ரல் வரை ஓட்டாமல் வை. ஆபீஸுக்கு 'கோ' ரயில் இருக்கிறது. ரொம்ப அவசியம் என்றால் ஓட்டை உடைசலாக ஒரு பழைய வண்டி வாங்கிக்கொள், உப்பு அதைத் தின்னட்டும். இதைக் கேட்டால் "ஓட்டுறதுக்குத்தானே மாமா வாங்கினேன், சாமி சிலையா அது" என்கிறான். நியாயமான கேள்விதான். சொந்தக் காசில் வாங்கியிருந்தால் நானும் ஓட்டு என்றுதான் சொல்லியிருப்பேன். இது கடன். ஏழு வருஷம் தவணை ஓடும், ஈடாக இருப்பது அந்தத் தகடு மட்டும்தான். ஐந்தாம் வருஷம் விற்க நினைத்தால், வாங்குகிறவன் அங்கே பாதுகாப்புச் சான்று இல்லாமல் நம்பர் பிளேட் போட்டு ஓட்ட முடியாது. சட்டத்தில் ஓட்டை என்றால் சான்று கிடைக்காது. விலை அடிமட்டத்துக்குப் போகும், கடன் பாக்கி அப்படியே நிற்கும். இந்த மாதிரிக் கணக்குகளை நான் இங்கே எத்தனை பார்த்திருக்கிறேன்! வண்டி போய்விட்ட பிறகும் தவணை கட்டுகிறவன் முகத்தை நீங்கள் பார்த்ததில்லை.

நிறுத்தி வைப்பதற்கும் முறை உண்டு. அடிப்பகுதியைக் கழுவி நன்றாகக் காயவிட்டு, பெட்ரோல் டேங்கை நிரப்பி, அது கெடாமலிருக்கும் மருந்தைக் கலந்து, டயரில் கொஞ்சம் காற்றுக் கூட வைத்து, பேட்டரிக்குச் சின்ன சார்ஜர் போட்டு, காற்றுப் புகும் துணியால் மூட வேண்டும். பிளாஸ்டிக் உறை கூடவே கூடாது. வாரம் ஒரு தடவை ஐந்து நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி வைக்கிறேன் என்று கிளம்பாதீர்கள், சைலன்சருக்குள் தண்ணீர் சேர்வதுதான் மிச்சம். புகைக்குழாயில் எலி போகாமல் கம்பி வலை திணித்தால், எடுக்க மறக்காமல் ஸ்டியரிங்கில் சீட்டுக் கட்டி வையுங்கள்.

இன்ஷூரன்ஸ் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. ஓட்டாத மாதங்களுக்கு விபத்துக் காப்பை நிறுத்தி, தீ, திருட்டுக்கு மட்டும் வைத்துக்கொண்டால் பிரீமியம் குறையும் என்று நண்பர்கள் சொல்வார்கள். வாஸ்தவம். ஆனால் கடன் இருக்கும்வரை வண்டி பாதி கடன் கொடுத்தவனுடையது. அவனைக் கேட்காமல் காப்பை நிறுத்தினால் ஒப்பந்தத்தை மீறியதாக ஆகலாம். முதலில் கேள், எழுத்தில் வாங்கு.

ஏப்ரலில் முதல் வெயில் அடித்ததும் கை துறுதுறுக்கும். அப்போதும் எடுக்கக் கூடாது. ரோடு காய்ந்திருக்கும், உப்புப் பொடி விபூதி மாதிரி பறக்கும். நாலைந்து நல்ல மழை பெய்து ரோட்டைக் கழுவட்டும்.

இவ்வளவையும் எழுதி முடித்து நேற்று இரவு அவனுக்கு போன் போட்டேன். நான் சொல்லச் சொல்லப் பொறுமையாகக் கேட்டான். ரப்பர் பூச்சு வேண்டாம் என்று சொல்லிவிட்டானாம். எண்ணெய் அடிக்க அடுத்த வாரம் நாள் குறித்திருக்கிறானாம். பிராம்ப்டன் பக்கம் ஒரு கொட்டகையில் ஐந்து மாத வாடகை விசாரித்திருக்கிறானாம். எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது.

"அந்தப் பெட்டிலே?" என்றேன்.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "அது அன்னிக்கே கையெழுத்துப் போட்டுட்டேன் மாமா" என்றான்.