துருவ நிலமும் வகுப்பறையும்

துருவப் பிரதேசங்களைப் பற்றிய பாடம் நம் பள்ளிகளில் பெரும்பாலும் ஒரு பெயர்ப் பட்டியலாகவே நடத்தப்பட்டு வருகிறது. பனியாறு, பனியாற்றுப் படிவு, ஃபியோர்டு, தூந்திரம் என்று மாணவன் மனப்பாடம் செய்கிறான்; தேர்வுத் தாளில் இலக்கணம் எழுதுகிறான்; அத்துடன் பாடம் முடிந்துவிடுகிறது. அந்நில உருவங்கள் அவ்வாறு அமைந்தது எதனால் என்னும் வினா எழுவதே இல்லை. பட்டியலைப் பின்னுக்குத் தள்ளிக் காரணத்தை முன்னுக்குக் கொண்டுவர வேண்டும் என்பது என் கருத்து.

இக்குறைக்கு ஆசிரியர்களை மட்டும் பொறுப்பாக்குவது நியாயமன்று. என் போன்ற மொழிபெயர்ப்பாளர்களுக்கும் இதில் பங்குண்டு. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பாடக்குறிப்பைத் தமிழாக்கியபோது, நிலத்தின்மீது நகரும் பனிக்கும் கடலில் மிதக்கும் பனிக்கும் ‘பனிப்பாறை’ என்ற ஒரே சொல்லைக் கையாண்டுவிட்டேன். அச்சாகி வந்த பின் ஓர் ஆசிரியை எழுதிக் கேட்டார்: “பனிப்பாறை பள்ளத்தாக்கைக் குடைகிறது என்று ஒரு பக்கத்தில் இருக்கிறது, பனிப்பாறையில் கப்பல் மோதுகிறது என்று அடுத்த பக்கத்தில் இருக்கிறது. பள்ளத்தாக்குக்குக் கப்பல் எப்படி வந்தது என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். நான் என்ன சொல்லட்டும்?” அதற்குப் பதில் எழுத எனக்கு வெட்கமாகவே இருந்தது.

இது வெறும் சொல் தகராறு அன்று. ‘பனிப்பாறைகள் உருகினால் கடல் மட்டம் உயரும்’ என்ற வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். ஏற்கெனவே கடலில் மிதக்கும் பனிக்கட்டி உருகுவதால் கடல் மட்டம் அநேகமாக உயருவதில்லை. தம்ளரில் விளிம்புவரை நீர் நிரப்பிப் பனிக்கட்டியை மிதக்கவிட்டு எந்த மாணவனும் இதைச் சோதித்துப் பார்க்கலாம். நிலத்தின்மீது கிடக்கும் பனி உருகிக் கடலில் சேரும்போதுதான் மட்டம் உயருகிறது. அண்டார்டிகாவின் நிலப்பனி முழுவதும் உருகுமாயின் உலகக் கடல்கள் ஏறத்தாழ 58 மீட்டர் உயரும் என்று கணக்கிடப்பட்டுள்ளது. சொல்லில் உள்ள குழப்பம் இங்கே பொருளையே கெடுத்துவிடுகிறது. ஆதலின் நிலத்தில் நகர்வது பனியாறு, கடலில் மிதப்பது பனிக்குன்று என்று வகுத்துக்கொள்வது நலம். ‘பனி’ என்ற சொல்லிலும் எச்சரிக்கை தேவை. நம் பிள்ளைக்கு மார்கழி விடியலில் புல்நுனியில் நிற்பதும் பனி, பாதையை மறைப்பதும் பனி. வானிலிருந்து பஞ்சாகப் பொழிவது வேறு, அது ஆண்டுக்கணக்கில் தன் பாரத்தாலேயே அழுந்திக் கட்டியாக இறுகுவது வேறு என்பதை முதல் நாளிலேயே சொல்லிவிட வேண்டும்.

காரணத்தைக் கற்பிக்க நமக்குச் சொந்தமான உதாரணம் ஒன்று இருக்கிறது. இந்தியா அண்டார்டிகாவில் 1983-84ஆம் ஆண்டுப் பருவத்தில் தட்சிண கங்கோத்ரி என்னும் முதல் நிலையத்தை நிறுவியது. அது கடலோரத்தில் மிதக்கும் பனித்தட்டின்மீது அமைந்திருந்தது. காற்று அள்ளிவந்த பனி அதைச் சுற்றிக் குவிந்து குவிந்து கட்டடத்தை மூடிற்று. 1990இல் அது கைவிடப்பட்டது. 1989இல் அமைந்த மைத்ரி நிலையமோ உள்நாட்டில், ஷிர்மாக்கர் பாலைச்சோலை என்னும் பாறைநிலத்தின்மீது நிற்கிறது. ஒரே கண்டம், ஒரே குளிர். ஒன்று புதைந்தது, மற்றொன்று ஏன் புதையவில்லை? இவ்வினாவை வகுப்பில் போட்டுவிட்டு ஆசிரியர் சற்று நேரம் வாய்மூடி இருக்கலாம்.

விடையில் பாடம் முழுவதும் அடங்கியிருக்கிறது. தெற்கிலிருந்து இறங்கிவரும் பெரும் பனிப்படலத்தைக் குன்றுகள் தடுத்து விலக்கிவிடுகின்றன. பனிமேட்டின்மேல் குளிர்ந்து கனத்த காற்று சரிவில் உருண்டோடி வந்து, பெய்த பனியைத் துடைத்துச் செல்கிறது. வெளிப்பட்ட கரிய பாறை கோடைச் சூரியனின் வெப்பத்தை உறிஞ்சிச் சுற்றிலுமுள்ள பனியை உருக்குகிறது. அந்நீர் குழிகளில் தேங்கி ஏரிகளாகிறது. ஏறத்தாழ 35 சதுர கிலோமீட்டர் பரப்பே உள்ள அவ்விடத்தில் நூற்றுக்கு மேற்பட்ட ஏரிகள் உள்ளன. மைத்ரிக்குக் குடிநீர் தருவது அவற்றுள் ஒன்றான பிரியதர்சினி ஏரி. பனி, காற்று, வெயில், பாறை ஆகிய நான்கும் சேர்ந்து ஒரு நிலத்தைச் செய்கின்றன என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் பாடம் எனக்குத் தெரியாது.

செய்முறைக்கும் பெரிய கருவிகள் வேண்டியதில்லை. நீர் உறையும்போது ஏறத்தாழ நூற்றுக்கு 9 பங்கு பருக்கிறது. மூடியிறுக்கிய பிளாஸ்டிக் புட்டியில் நீர் நிரப்பி உறையவைத்தால் அது புடைத்து நிற்பதைப் பிள்ளைகள் காண்பார்கள். பாறை இடுக்கில் புகுந்த நீர் பாறையைப் பிளப்பது அவர்களுக்குத் தானே விளங்கும். ஆற்று மணலை நீரில் கலந்து உறையவைத்து, அக்கட்டியைச் சவர்க்காரத்தின்மீது அழுத்தித் தேய்த்தால் இணைகோடுகளாகக் கீறல் விழும். பனியாறு பாறையை உரசுவதும் இப்படித்தான். கீறுவது பெரும்பாலும் பனியன்று, பனி சுமந்துவரும் கல்லே. (பென்குவினையும் வெண்கரடியையும் ஒரே படத்தில் வரையும் பழக்கத்தையும் இத்துடன் விட்டுவிடலாம். ஒன்று தென்பாதியது, மற்றது வடதுருவப் பகுதியது, அவை சந்திப்பதில்லை.)

“வெயிலில் வாழும் நம் பிள்ளைகளுக்கு இதெல்லாம் எதற்கு?” என்று களப்பணியாளர் சிலர் கேட்பதுண்டு. அவர்களுக்கு ஒடிசாவிலுள்ள தால்ச்சேரைக் காட்ட விரும்புகிறேன். கோடையில் அனல் வீசும் அவ்வூர்ப் பகுதியில், நுண்ணிய சேற்றுப் படிவுக்குள் பெரும் உருண்டைக் கற்கள் புதைந்துகிடக்கின்றன. ஓடும் நீர் சேற்றையும் பெருங்கல்லையும் ஒருங்கே ஓரிடத்தில் இடுவது அரிது. அது கனத்திற்கேற்பப் பிரித்தே இடும். இக்கற்களைக் கொண்டுவந்தது பனியே என்று இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையைச் சேர்ந்த பிளான்ஃபோர்டு சகோதரர்களும் தியோபால்டும் 1856இல் தெரிவித்தனர். வெப்ப நாட்டில் பனியா என்று அந்நாளில் பலர் ஐயுற்றிருப்பர். இன்றோ, ஏறத்தாழ 30 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தியாவும் அண்டார்டிகாவும் கோண்டுவானா என்னும் பெருநிலத்தில் ஒட்டிக்கிடந்து, தென்துருவத்தின் அண்மையில் பனிமூடி இருந்தன என்பது நிறுவப்பட்ட செய்தி. நம் கிழக்குக் கரை அன்று அண்டார்டிகாவை அடுத்துக் கிடந்தது.

தால்ச்சேர்க் கல்லின் படம் ஒன்றையும் மைத்ரிக்கு அருகிலுள்ள படிவின் படம் ஒன்றையும் பெயர் சொல்லாமல் மேசைமீது வைத்து, எது எந்த ஊர் என்று ஏழாம் வகுப்புப் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். அவர்கள் தடுமாறும் இடத்திலிருந்து பாடத்தைத் தொடங்கலாம்.